சிரிப்புக்குப் பின்னால் நான் சேர்த்த சொல்

போன செவ்வாய்க்கிழமை உங்களில் ஒருவர் என் கைபேசிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், டிஸ்டெய்ன் என்ற வார்த்தையை விசாரணை அறிக்கையில் போடலாமா? சரியான அர்த்தம் என்ன?" மொத்தம் பத்துச் சொற்கள். பதிலை ஆறு முறை எழுதி ஆறு முறையும் அழித்தேன். கைபேசியில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். யாராவது படமெடுத்து மற்ற இருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் நான் முப்பத்தொரு ஆண்டு நான்கு மாதம் வேலை பார்த்தேன். நான் ஒருவனாகப் பார்த்த வேலைக்கு இன்று நீங்கள் மூன்று பேர், ஒரு மென்பொருள் வேறு. வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். தொழிலாளியும் மேற்பார்வையாளரும் தமிழில் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். முடிவு எடுப்பவர்கள் வேறு மாநிலத்தில் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நாம். தமிழ்த் தாளில் தொழிலாளி கையெழுத்துப் போடுகிறார். ஆங்கிலத் தாளின் அடியில் 'சரியான மொழிபெயர்ப்பு' என்று நாம் கையெழுத்துப் போடுகிறோம். மேலே போவது நம்முடைய தாள். தொழிலாளி அதைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் படிக்கத் தெரியாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு சொல்லப்போவது எல்லாம் இதில்தான் நிற்கிறது.

முதலில் அர்த்தம். ஆங்கிலம்-தமிழ் அகராதியில் disdain என்று தேடினால் வெறுப்பு, இகழ்ச்சி, அவமதிப்பு, ஏளனம் என்று வரிசையாகக் கொட்டும். நான் ஒரு முறை மூன்று அகராதிகளைப் பிரித்துவைத்துப் பதினான்கு தமிழ்ச் சொற்களை எண்ணினேன். அவற்றில் பாதி இதற்குப் பொருந்தாது. ஏளனத்தில் வாய் திறக்கும், கேலி வரும். அவமதிப்புக்கு நாலு பேர் பார்க்க வேண்டும். வெறுப்பில் சூடு இருக்கும். வெறுப்பவன் எதிராளியை ஒரு ஆளாக மதித்துத்தான் வெறுக்கிறான். டிஸ்டெய்னில் சூடு கிடையாது. எதிரே நிற்பவர் தன் கோபத்துக்குக்கூட அருகதை இல்லாதவர் என்று ஒருவர் உள்ளுக்குள் முடிவு செய்துவிட்ட நிலை அது. சத்தம் வராது. உதட்டோரத்தில் ஒரு கோடு விழலாம், விழாமலும் இருக்கலாம். நம் பக்கத்துப் பேச்சில் 'இளக்காரம்' என்கிறோமே, அது கிட்டத்தில் வரும். ஆனால் இளக்காரம் கொஞ்சம் காட்டிக்கொள்ளும். இது காட்டிக்கொள்ளக்கூட மெனக்கெடாது.

ஆகவே அது மனசுக்குள் இருப்பதன் பெயர். அறிக்கை என்பது கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதும் இடம். இவ்வளவுதான் விதி. இது எனக்கும் அப்போது தெரியும். ஆங்கிலத்தில் முதுகலை படித்தவன், தெரியாமல் என்ன?

பணி முடிய எனக்கு மூன்று மாதம் இருந்தது. நூற்புப் பிரிவுக்கு ஒரு புது மேற்பார்வையாளர் வந்திருந்தார். இருபத்தாறு வயது, பட்டயப் படிப்பு, கத்திரித்து ஒதுக்கிய மீசை. வந்த பதினோராம் நாளே ஒரு புகார் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பேச்சியம்மாள் என்ற தொழிலாளியைப் பற்றியது. பேச்சியம்மாள் மம்சாபுரத்துக்காரர், வயது நாற்பதுக்குள், ஆலையில் பதினோரு ஆண்டு அனுபவம். கணவர் இல்லை. ஒரே மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. ஆலை பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை பேசிக்கொண்டே வருவார் என்று பெயர். அதற்கு மேல் எனக்கு அவரைத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவை இருப்பதாக நான் நினைத்ததும் இல்லை.

புகாரின் முக்கிய வரி இது: 'தரையில் பஞ்சு கிடப்பதைச் சுட்டிக்காட்டியபோது பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.' ஒன்பது சொற்கள்.

"என்ன தம்பி வேணும்? என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வார்னிங் குடுத்தா போதும் சார். மத்தவங்களும் சேர்ந்து சிரிக்காங்க. நான் உள்ள நுழைஞ்சாலே சிரிக்காங்க. புதுசா வந்தவன், நான் எப்படி வேலை வாங்க?" என்றார். முகம் வாடியிருந்தது.

அந்த வரியை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதிப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. தலைமை அலுவலகத்தில் இருந்த அதிகாரி இரண்டு மாதத்துக்கு முன் என் ஆங்கிலத்தைப் பாராட்டித் தொலைபேசியில் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாக்கியமும் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. 'சிரித்தார்' என்று நிறுத்தினால் எட்டாம் வகுப்புப் பையன் எழுதியதுபோல் இருந்தது. சிரிப்புக்குப் பின்னால் டிஸ்டெய்ன் என்ற சொல்லைச் சேர்த்தேன். வாக்கியம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது ஆண்டுகளில் அந்தச் சொல்லை அதற்கு முன் இரண்டே முறை எழுதியிருக்கிறேன், இரண்டும் தனிக் கடிதங்களில்.

எங்கள் பிரிவில் தட்டச்சு செய்த அம்மா ஒருவர் இருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துபோவார், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பெயர் வேண்டாம். நான் எழுதிக் கொடுப்பதைத் தமிழ் மூலத்தோடு வரி வரியாக ஒத்துப் பார்த்துத்தான் அடிப்பார். ஒவ்வாத இடத்தில் பென்சிலால் மெல்ல ஒரு கோடு போடுவார். வாயால் சொல்வது அபூர்வம். அன்று கோடும் போட்டார், வாயாலும் கேட்டார்.

"சார், இந்தக் கடைசி வார்த்தை அந்தத் தம்பி எழுதுனதுல எங்க இருக்கு?"

"அர்த்தத்துல இருக்கும்மா."

"அர்த்தமா? சிரிச்சாங்கன்னுதான சார் போட்டிருக்கு. சிரிப்புல எம்புட்டோ தினுசு இருக்கே."

"மேலதிகாரிய பாத்து வேற எப்படிச் சிரிப்பா? நீங்க அடிங்க."

"அடிக்கேன் சார். கோடு மட்டும் கெடக்கட்டும்" என்றார்.

அந்தக் கோட்டை நானே அழிப்பானால் அழித்தேன்.

ஆலையின் நிலையாணைப்படி சிரிப்பது குற்றம் இல்லை. மிஞ்சினால் வாய்மொழி எச்சரிக்கை. மேலதிகாரியை இழிவாக நடத்துவது கடுங்குற்றம், வேலை நீக்கம்வரை போகலாம். இந்த வித்தியாசம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த நேரத்தில் என் கண்ணில் வாக்கியம் மட்டுமே இருந்தது. ஐந்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: கடுங்குற்றப் பிரிவின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து உள்விசாரணை நடத்தவும். குற்றச்சாட்டின் வாசகத்தையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். என் சொல் என்னிடமே திரும்பி வந்திருந்தது, தடித்த எழுத்தில்.

இப்போது அதை நான் தமிழாக்கி பேச்சியம்மாளிடம் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். 'இளக்காரமாகச் சிரித்தார்' என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மிடுக்காக இருந்தது தமிழில் அப்பட்டமான பொய்யாகத் தெரிந்தது. அதைப் படித்தால் அந்த மேற்பார்வையாளரே 'நான் அப்படி எழுதவில்லையே' என்பார். அதனால் தமிழ்த் தாளில் 'மேற்பார்வையாளரைப் பார்த்துச் சிரித்தது' என்று மட்டும் எழுதினேன். ஆங்கிலத் தாள் அப்படியே இருந்தது. ஒரே குற்றச்சாட்டுக்கு இரண்டு வாசகம். இரண்டின் அடியிலும் என் கையெழுத்து. தாய்மொழியில் எழுதக் கூசுகிற ஒன்றை வேற்று மொழியில் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்த அந்த நிமிடமே நான் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனேன்.

விசாரணையை நடத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார்கள். நல்ல மனிதர், அவசரக்காரர். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு நீதிமன்றத்தில் வேறு வேலை. பேச்சு தமிழில், பதிவு ஆங்கிலத்தில், எழுதுபவன் நான். பேச்சியம்மாள் சீருடைச் சேலையில் வந்து, மேற்பார்வையாளருக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"குற்றச்சாட்ட வாசிச்சுப் பாத்தியாம்மா? இவரப் பாத்துச் சிரிச்சியா?" என்றார் வழக்கறிஞர்.

"சிரிச்சேன்யா."

"எதுக்குச் சிரிச்ச?"

பேச்சியம்மாள் மேற்பார்வையாளரை ஒரு முறை பார்த்தார். "சொல்லட்டுமா சார்? தப்பா எடுத்துக்கிட மாட்டியளே?" என்று அவரிடமே கேட்டார்.

"அவிய மீசையில ஒரு பக்கம் மட்டும் பஞ்சு ஒட்டியிருந்துச்சுய்யா. வலது பக்கம் பேரனாட்டம், இடது பக்கம் தாத்தாவாட்டம். அதான் சிரிப்பு வந்துட்டு."

வழக்கறிஞர் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளரின் கை அவரை அறியாமல் மீசைக்குப் போனது. அதைப் பார்த்து பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நூற்புப் பிரிவுக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பஞ்சு காற்றில் மிதக்கும், புருவத்தில் ஒட்டும், காதுமடலில் ஒட்டும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது அங்கே அன்றாடம். பழையவர்கள் 'தொடைச்சுக்கோ' என்று கை காட்டுவார்கள். புதியவரிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றார் வழக்கறிஞர்.

"அவிய ஏசிக்கிட்டு இருக்காவ. ஏசுத ஆளுகிட்ட மீசையத் தொடையுங்கன்னு எப்படிச் சொல்ல?"

"சரிதான்" என்று அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதிக்கிட்டீங்களா சார்?"

"எழுதிக்கிட்டேன்" என்றேன்.

பேச்சியம்மாள் சொன்ன காரணம் பதினாறு சொற்கள். நான் எழுதியது ஆங்கிலத்தில் ஐந்து: அவர் சிரித்ததாக ஒப்புக்கொண்டார். மீசையும் பஞ்சும் தாத்தாவும் தலைமை அலுவலகத்துக்கு எதற்கு? அதை ஆங்கிலத்தில் எழுதினால் என் தாள் சந்தைப் பேச்சுபோல் ஆகிவிடும் என்று பட்டது. அதோடு, காரணத்தை எழுதினால் முதலில் நான் போட்ட சொல் நிற்காது. இந்த இரண்டாவது எண்ணம் முதல் எண்ணத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தது. இப்போது பிரித்துச் சொல்கிறேன். அன்று நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பினார். மேலே போன தாளில், இளக்காரமாகச் சிரித்தார் என்பது குற்றச்சாட்டு. ஒப்புக்கொண்டார் என்பது பதில்.

அன்று தட்டச்சு செய்த அம்மா இரண்டாவது கோடு போட்டார். காரணம் இருக்க வேண்டிய இடத்தில், வெற்றிடத்தின் கீழே. அவர் கதவோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்குத் தலைமை அலுவலகத்து அதிகாரி என்னையே அழைத்தார். என்னைப் பாராட்டிய அதே குரல். என் பணி நீட்டிப்பு விண்ணப்பமும் அவர் மேசையில்தான் இருந்தது. இரண்டு ஆண்டு நீட்டிப்பு. மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. வீட்டில் சும்மா இருப்பதை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருந்தது. அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்தச் சொல் கனமானது. பதினோரு ஆண்டு வேலை பார்த்த ஒருவரை இதை வைத்து அனுப்பப்போகிறோம். இது அந்த மேற்பார்வையாளரின் சொல்லா, உங்கள் சொல்லா?"

அந்த மனிதர் கேட்டார் என்பதை மறக்காமல் எழுதுகிறேன். மேலே இருப்பவர்கள் கேட்பதில்லை என்று நீங்கள் அடிக்கடி புலம்புகிறீர்கள். அவர் கேட்டார். சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டார். எனக்கு நான்கைந்து நொடி கிடைத்தது. தட்டச்சு சத்தம் நின்றிருந்தது. 'என்னுடையது, தவறாகச் சேர்த்துவிட்டேன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"தமிழில் அதன் உட்பொருள் அதுதான், சார்" என்றேன்.

எட்டாம் நாள் நீக்க உத்தரவு வந்தது.

பேச்சியம்மாள் அடையாள அட்டையை ஒப்படைக்க வந்தபோது என் மேசை முன்னால்தான் நின்றார். அழவில்லை. விளங்காத கணக்கைப் பார்ப்பதுபோல உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிரிச்சதுக்கா சார் வேலைய எடுப்பாவ? நெசமாவா?"

"மேலிடத்து முடிவும்மா."

"பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கே சார். வேணும்னா அவிய கால்ல விழுதேன். ஆரு கால்லனு சொல்லுங்க."

"அப்பீல் பண்ணலாம். முப்பது நாள் இருக்கு" என்றேன். அப்பீலை எழுத அவருக்குத் தெரியாது. எதை மறுத்து எழுத வேண்டும் என்பதும் தெரியாது, ஏனென்றால் எந்தச் சொல்லுக்காக நீக்கப்பட்டார் என்பதே அவர் கையில் இருந்த தமிழ்த் தாளில் இல்லை. அது தெரிந்தவர்கள் அந்தக் கட்டிடத்தில் இரண்டு பேர்.

மேற்பார்வையாளர் மறுநாள் என்னிடம் வந்தார். "வார்னிங்தான சார் கேட்டேன்? இப்ப செக்ஷன்ல ஒருத்தரும் என் முகத்த பாக்க மாட்டேங்காங்க. சிரிக்கதும் இல்ல, பேசதும் இல்ல" என்றார். அவரிடமும் மேலிடத்து முடிவு என்றே சொன்னேன். ஏழு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு திருப்பூர் பக்கம் போய்விட்டார்.

முப்பது நாள். நான் எதையும் எண்ணுகிறவன், இதையா எண்ணாமல் இருப்பேன்? மூன்றாம் நாள் திருத்தக் கடிதம் ஒன்று எழுதினேன். ஒன்பதாம் நாள் அதைச் சுருக்கினேன். பதினேழாம் நாள் 'மொழிபெயர்ப்பில் ஒரு சிறு மிகை நேர்ந்திருக்கலாம்' என்று மாற்றினேன். நேர்ந்திருக்கலாம்! யாரோ வழிப்போக்கன் செய்துவிட்டதுபோல. இருபத்திரண்டாம் நாள் என் நீட்டிப்புக்கு உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு கடிதத்தை நான் எடுக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மாலை, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "நாளைக்கு ஒருநாள்தான் சார் இருக்கு. ஒத்த வரி. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கேன். பஸ்ஸு போனா போகட்டும்."

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"இருபத்தொம்போது நாளா யோசிக்கியளே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது, தன் வேலைக்காகக் கெஞ்சுவதுபோல.

முப்பத்தொன்றாம் நாளிலிருந்து அவர் என் தாள்களில் கோடு போடவில்லை. நான் எழுதியதை எழுதியபடி அடித்தார். பிழை இருந்தால் பிழையோடு அடித்தார். வணக்கம் சார், சரிங்க சார், முடிஞ்சிட்டு சார். மரியாதையில் குண்டுமணி அளவு குறைவில்லை. ஆனால் அவர் கண் என் தாளோடு நின்றுவிடும், முகத்துக்கு ஏறாது. ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு வரியைத் தலைகீழாக எழுதிக் கொடுத்தேன், ஏதாவது கேட்பார் என்று. கேட்கவில்லை. அப்படியே அடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சொல்கிறேன். அந்தச் சொல் உயரத்திலிருந்து கீழே பார்ப்பது என்று நான் படித்திருந்தேன். பதவியின் உயரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து மாதம் தினமும் எட்டரை மணி நேரம், எனக்கு இரண்டு படி கீழே சம்பளம் வாங்கிய ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் சரியான அர்த்தம் விளங்கியது. ஒரு விசாரணை அறிக்கையில் அதை எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? 'மரியாதையாக நடந்துகொண்டார்' என்றுதான் எழுத முடியும். கண்டது அதுதான். அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சொல்லுக்கு அறிக்கையில் இடமில்லை. அதை உணர முடியும், சாட்சியம் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்று ஐந்தாம் மாதம், முழுதாக ஒரு கடிதம் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு, மம்சாபுரம் போனேன். இந்தச் சொல்லை நான்தான் சேர்த்தேன், இந்தக் காரணத்தை நான்தான் விட்டேன், இரண்டு தாளும் ஒன்றல்ல. பதினோரு வரி. 'நேர்ந்திருக்கலாம்' எங்கும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க நாற்பது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. முழங்கால் வலி எனக்கும் வந்துவிட்டது. நான்கு பேரிடம் விசாரித்து, ஊர்க்கோடியில் ஒரு களத்தில் அவரைக் கண்டேன். தார்ப்பாய்களில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. பேச்சியம்மாளும் இன்னொரு பெண்ணும் காலால் அதைக் கிண்டிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு. இளைத்துக் கறுத்திருந்தார்.

"ஆரு, ஆபீஸ் சாரா? வாங்க. இம்புட்டுத் தூரம் எங்க?"

மகளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.

"படிப்ப நிறுத்தியாச்சு சார். வத்திராயிருப்புல கட்டிக் குடுத்துட்டேன். ஒரு குத்தமும் இல்ல, நல்லாத்தான் இருக்கா" என்றார். 'ஒரு குத்தமும் இல்ல' என்பதை இரண்டு முறை சொன்னார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மாற்றாமல், மெழுகாமல், முதலிலிருந்து. அவர் கிண்டுவதை நிறுத்தவில்லை. என் பக்கம் வரும்போது ஒரு பகுதி கேட்டார், திரும்பிப் போகும்போது நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. முடித்தபோது நின்றார்.

"இங்கிலீசுல ஏதோ சேத்தியளாக்கும். அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

வாழ்நாளில் பலருக்கு நான் சொற்களுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறேன். இதையும் சொன்னேன். "இளக்காரம். அவர உனக்குக் கீழன்னு நெனச்சுச் சிரிச்சதா எழுதிட்டேன்."

"நானா?" அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்துப் பெண்ணைப் பார்த்து, "ஏட்டி, கேட்டியா? நான் சூப்பர்வைசர இளக்காரமாப் பாத்தேனாம்" என்றார். பிறகு என்னிடம், "எனக்குக் கீழ அந்த மில்லுல ஆரு சார் இருந்தா? பஞ்சுதான் கெடந்துச்சு" என்றார்.

கடிதத்தை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக்கூட்டிக் கொஞ்சம் படித்தார்.

"இத வச்சு இனி வேல குடுப்பாவளா?"

"மாட்டாங்க. கெடு முடிஞ்சிருச்சு."

"எம் பிள்ளைய இனிச் சேப்பாவளா?"

"இல்லம்மா."

"பொறவு இது ஆருக்கு சார்?"

அவர் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் சட்டைப் பைக்குள் தானே வைத்தார். கோபமாக அல்ல. யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு குளிர்ந்த காற்று அடித்தது. பக்கத்துப் பெண், "மதினி, மழ எறங்குது" என்று கத்தினாள். இரண்டு பேரும் சாக்குகளை உதறிக்கொண்டு ஓடினார்கள். நான் தார்ப்பாயின் ஓரத்தில், சோளத்தின் மேல் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நகரச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. முதல் தூறல் விழ விழ, நான் நின்ற இடத்தை விட்டுவிட்டு, என்னைச் சுற்றிச் சோளத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.